கடலில் ஆபத்து நேர்ந்தால் எந்தச் சேனலில் அழைப்பது?

வாசகர் கேள்வி பதில்

மதுரையில் கடல் இல்லையென்றாலும் கடலுக்குப் போகிறவர்கள் இல்லாத உறவு வட்டம் இங்கே குறைவு என்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் உணர்த்தின. மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் படகில் வேலை செய்யும் உறவினர்களைப் பற்றியும், வணிகக் கப்பல்களில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறீர்கள். கப்பல்களில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஆபத்துக்கால அழைப்புகள் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் அத்தை மகன் மண்டபத்தில் ஒரு விசைப்படகில் டிரைவராக இருக்கிறார். அவர்கள் ஊர்ப் படகுகள் ஏழெட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று, படகு வானொலியான வி.எச்.எஃப். செட்டில் ஒரு சேனலை வைத்திருக்கின்றன. ஆபத்து வந்தாலும் அதிலேயே அழைப்போம், நம் ஆட்கள்தான் முதலில் ஓடி வருவார்கள் என்கிறார். சேனல் 16-இல் அழைக்க வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கேட்கிற சேனலை விட்டுவிட்டு, முன்பின் அறியாதவர்கள் கேட்கிற சேனலில் அழைப்பது எந்த வகையில் மேல்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் அத்தை மகன் சொல்வதில் பாதி உண்மை. பாக் நீரிணையில் ஒரு படகு தண்ணீர் ஏறி மூழ்கும்போது முதலில் வந்து சேருவது பெரும்பாலும் பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு படகுதான். ஆனால் அந்தப் பக்கத்துப் படகு அவர்கள் ஊர்ப் படகாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆபத்துக்கான சேனலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நிமிடத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்?

ஊர்ச் சேனலை எடுத்துக்கொள்வோம். வலை இழுக்கும் நேரத்தில் டிரைவரின் கவனம் முழுவதும் கயிற்றிலும் எஞ்சினிலும் இருக்கும். விடியற்காலையில் பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பார்கள். மீன் பாடு தேடி இரண்டு படகுகள் எட்டாத தொலைவுக்கு விலகிப் போயிருக்கும். அந்த நேரத்தில் மூன்று கடல் மைல் தள்ளி ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தாலும், உங்கள் ஊர்ச் சேனல் எது என்பது அந்தக் கப்பலுக்குத் தெரியாது. சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுவதும் ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியதென்று வகுக்கப்பட்ட அலைவரிசை. இந்தியக் கடலோரக் காவல்படை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, துறைமுகங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, பன்னாட்டு விதிகளுக்கு உட்பட்ட கப்பல்கள் கடலில் இருக்கும்போது இயன்றவரை இடைவிடாமல் அதைக் கேட்க வேண்டும் என்பது விதி. முன்பின் அறியாதவர்கள் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். அந்தச் சேனலின் பலமே அதில்தான் இருக்கிறது.

இதில் ஒரு தொழில்நுட்ப நுணுக்கமும் உண்டு. படகுகளில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. கடல் வி.எச்.எஃப். செட்டில் உள்ள சேனல்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிலவற்றில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில் நடக்கும். சேனல் 16 அப்படிப்பட்டது. வேறு சிலவற்றில், எடுத்துக்காட்டாகச் சேனல் 24-இல், படகு 157.2 மெகாஹெர்ட்ஸில் பேசும், 161.8 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். கரை நிலையம் அதற்கு நேர்மாறாக இயங்கும். அத்தகைய சேனலில் ஒரு படகு எத்தனை முறை கூப்பிட்டாலும், அதே சேனலை வைத்திருக்கும் அடுத்த படகின் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வராது. பதற்றத்தில் கைபோன போக்கில் சேனலைத் திருப்பி அழைப்பவருக்கு இது நேரக்கூடும். சேனல் 16-இல் நேராது: ஒருவர் பேசினால் எட்டும் தொலைவில் அதை வைத்திருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள், ஒருவருக்குக் காதில் விழாதது இன்னொருவருக்கு விழும், விழுந்தவர் அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார். "மேடே" என்பது பேராபத்தை அறிவிக்கும் அழைப்புச் சொல்; அதை அப்படி எடுத்துச் சொல்வதற்கென்றே "மேடே ரிலே" என்ற முறையும் இருக்கிறது. இந்தச் சேனலுக்கு இருபுறமும் உள்ள 75, 76 ஆகியவற்றை நெடுங்காலம் காவல் இடைவெளியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்றும் குறைந்த சக்தியில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். பக்கத்துச் சேனலின் இரைச்சலில் ஓர் ஆபத்துக் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக எடுத்துக்கொண்ட அக்கறை இது.

ஆகவே முதல் அழைப்பு சேனல் 16-இல் போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, பதிலுக்குக் காத்து, மறுபடியும் சொன்ன பிறகு, ஊர்ச் சேனலிலும் ஒருமுறை சொல்லட்டும். சொல்லி முடித்ததும் 16-க்கே திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் உதவிக்கு வருபவர்கள் அங்கேதான் தேடுவார்கள். பெரும்பாலான செட்டுகளில் "டூயல் வாட்ச்" என்ற வசதி உண்டு. அதைப் போட்டு வைத்தால் செட் ஊர்ச் சேனலையும் 16-ஐயும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும். தம் படகுக்கு ஆபத்து வராத நாளிலும் இன்னொரு படகின் கூப்பாடு காதில் விழுவதற்கு அதுவே வழி. வாங்கும்போதே 16, 70 ஆகிய சேனல்கள் முறையாக உள்ள, உரிமம் பெற்ற கடல் செட்தானா என்று பார்த்து வாங்குவது நல்லது. தரையில் பயன்படும் வாக்கி டாக்கியைக் கடலுக்கு எடுத்துப் போனால் யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உங்கள் உறவினர் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு தயக்கமும் இதில் இருக்கலாம். கடல் எல்லை அருகில் இருக்கும் அந்தப் பகுதியில், 16-இல் தம் இடத்தைச் சொன்னால் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் கேட்பார்களே என்ற அச்சம் நம் மீனவர்களுக்கு உண்டு. அது காரணமில்லாத அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் நின்றுபோன படகு காற்றிலும் நீரோட்டத்திலும் எல்லையை நோக்கி நகரும்போது, வாய் திறக்காமல் இருப்பது ஆபத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. நம் பக்கத்தில் இருக்கும்போதே, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிடுவதுதான் பாதுகாப்பு. அதற்கு "மேடே" என்று அலற வேண்டியதில்லை. படகுக்கோ உயிருக்கோ உடனடியான பேராபத்து இருந்தால் மேடே. எஞ்சின் பழுது, அவசர மருத்துவ உதவி போன்றவற்றுக்கு "பான் பான்" என்று மூன்று முறை சொல்லி அழைக்கலாம். இரண்டும் அதே சேனல் 16-இல்தான். கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு, அவர் எந்த நாட்டவராயினும், உதவ வேண்டும் என்பது கடல் சட்டம் கப்பல் தலைவர்கள்மேல் சுமத்தியிருக்கும் கடமை.

எப்படிச் சொல்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். இதை ஓர் அட்டையில் எழுதி லேமினேட் செய்து செட்டுக்கு அருகில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சக்தியை 25 வாட்டில் வைத்து, மைக்கின் பொத்தானை அழுத்தி, "மேடே, மேடே, மேடே" என்று சொல்லிப் படகின் பெயரை மூன்று முறையும் பதிவெண்ணை ஒரு முறையும் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி "மேடே" என்றும் படகின் பெயரும் ஒரு முறை. அடுத்து ஜி.பி.எஸ். காட்டும் இடம்: "9 டிகிரி 25 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 20 நிமிடம் கிழக்கு" என்பது போல. அதோடு, "ராமேஸ்வரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 8 கடல் மைல்" என்று தெரிந்த ஓர் இடத்தை வைத்தும் சொன்னால், எண் ஒன்று காதில் தவறாக விழுந்தாலும் தேடுகிறவர்கள் திசை மாறிப் போகமாட்டார்கள். பிறகு என்ன நேர்ந்தது, என்ன உதவி தேவை, படகில் எத்தனை பேர் என்பவை. இறுதியில் "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட்டுவிட வேண்டும். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். "மேடே" என்ற சொல்லையும் இடத்தைக் குறிக்கும் எண்களையும் ஆங்கிலத்தில் பழகிக்கொண்டால் போதும். மீதியைத் தமிழில் சொன்னாலும் நம் கரையில் புரிந்துகொள்ள ஆள் உண்டு. இடத்தைச் சொல்லாமல் உதவி உதவி என்று மட்டும் கத்துவதுதான் வீணாகும் அழைப்பு.

பொத்தானை விடுவதைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடல் வி.எச்.எஃப். பண்பலை முறையில் இயங்குவது. ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மெலிந்த அலையை முழுவதுமாக விழுங்கிவிடும். மெலிந்த குரல் பின்னணியில்கூடக் கேட்காது. விமானங்கள் பேசுவதற்கு இன்றும் பழைய வீச்சுப் பண்பேற்ற (ஏ.எம்.) முறையையே வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்: அங்கே இருவர் மோதிக்கொண்டால் ஒரு கீச்சொலியாவது எழுந்து, இன்னொருவர் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். மைக்கின் மேல் வலைக்கூடையோ சாப்பாட்டுப் பாத்திரமோ சரிந்து பொத்தான் அழுந்தியே கிடந்தால், அந்தப் பகுதி முழுவதற்கும் சேனல் 16 அடைபட்டுப் போகும். 16-இல் மீன் விலை பேசுவதும் பாட்டுப் போடுவதும் அதே விளைவைத் தருகின்றன. ஒரு படகைக் கூப்பிட 16-ஐப் பயன்படுத்தலாம். அவர் பதில் சொன்னதும் வேறு சேனலுக்கு இருவரும் மாறிவிட வேண்டும்.

கேள்வி: கப்பலில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்திருக்கும் என் மகன், ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துவோம், அது சேனல் 70-இல் போகும், ஆனால் 70-இல் பேசக் கூடாது என்று சொன்னான். பேசக் கூடாத சேனல் எதற்கு? 16 போதாதா?
– வாசகி, அண்ணாநகர், மதுரை

பதில்: உங்கள் மகன் சரியாகவே சொல்லியிருக்கிறார். 16-இன் பலம் மனிதக் காது. அதன் பலவீனமும் மனிதக் காதுதான். காது களைக்கும், உறங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் வண்ணக் கோடுகள் இருக்கும்: மணிக்கு இரண்டு முறை மும்மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸ் மோர்ஸுக்குச் சிவப்பிலும் 2182 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்குப் பச்சையிலும் குறித்திருப்பார்கள். அந்த நிமிடங்களில் யாரும் எதையும் அனுப்பக் கூடாது. மெலிந்த ஆபத்துக் குரல் ஏதேனும் வருகிறதா என்று எல்லோரும் காத்துக் கேட்க வேண்டும். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்மூடிக் காத்திருந்த அந்த ஒழுங்கை நான் இன்றும் மதிக்கிறேன். 1992-இல் தொடங்கி 1999 பிப்ரவரி 1-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல் ஆபத்து, பாதுகாப்பு முறைமை அந்தக் காத்திருப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தது.

சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், சேனல் 70-இல், அதாவது 156.525 மெகாஹெர்ட்ஸில், ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் எண்முறைச் செய்தி ஒன்று போகும். கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண், இடம், நேரம், ஆபத்தின் வகை ஆகியவை அதில் இருக்கும். இந்தியக் கப்பல்களின் எண் 419 என்று தொடங்கும். அதை வாங்கும் ஒவ்வொரு கப்பலிலும் கரை நிலையத்திலும் எச்சரிக்கை மணி ஒலிக்கும். ஏற்றதற்கான பதில் வரும்வரை ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை செட் தானாகவே அதைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இத்தகைய சிறு செய்திகள் தங்கு தடையின்றிப் போக வேண்டுமென்பதால்தான் 70-இல் ஒருவரும் பேசக் கூடாது. மணி அடித்து எல்லோரையும் எழுப்புவது 70-இன் வேலை. எழுந்தவர்களிடம் விவரம் சொல்வது 16-இன் வேலை. பொத்தானை அழுத்தியவர் அதோடு நின்றுவிடாமல் உடனே 16-இல் மேடே சொல்ல வேண்டும்.

படகில் இந்த வசதியுள்ள செட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடையாள எண்ணைச் செட்டில் பதியாமலும் ஜி.பி.எஸ்.ஸோடு இணைக்காமலும் விட்டால் அந்தச் சிவப்புப் பொத்தானால் பெரிய பயன் இல்லை.

கேள்வி: வி.எச்.எஃப். எவ்வளவு தூரம் எட்டும்? எட்டாத தொலைவில் இருப்பவர்கள் எந்தச் சேனலில் அழைப்பது?
– வாசகர், மானாமதுரை

பதில்: நீங்கள் வீட்டில் கொடைக்கானல் பண்பலையைக் கேட்டிருப்பீர்கள். 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு தென்மாவட்டங்கள் பலவற்றை எட்டுவதற்கு முதன்மையான காரணம், அது 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலை உயரத்திலிருந்து வருவதுதான். சேனல் 16-உம் அதே அலைக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. கணக்கு எளிது: இரண்டு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 2.25-ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கடல் மைலில் கிடைக்கும். 4 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுகளுக்கு இடையே இது 9 கடல் மைல். அதே படகுக்கும் கரையில் 100 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கும் இடையே 27 கடல் மைல், அதாவது 50 கிலோமீட்டர். எனவே செட்டின் விலையைக் காட்டிலும் ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோம் என்பது முக்கியம். செட்டுக்கான பேட்டரியை எஞ்சின் அடியில் வைக்காமல் மேலே வைப்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் தண்ணீர் முதலில் ஏறுவது எஞ்சின் அடியில்தான்.

அந்தத் தொலைவுக்கு அப்பால் சேனல் என்பதே மாறிவிடுகிறது. நூறு, நூற்றைம்பது கடல் மைல் வரை நடு அலைவரிசை: எச்சரிக்கைக்கு 2187.5 கிலோஹெர்ட்ஸ், பேச்சுக்கு 2182 கிலோஹெர்ட்ஸ். அதையும் தாண்டினால் சிற்றலை. அதில் 4, 6, 8, 12, 16 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் ஒவ்வொன்றிலும் ஆபத்துக்கென ஓர் அலைவரிசை உண்டு. இரவில் தாழ்ந்த பட்டைகளும் பகலில் உயர்ந்த பட்டைகளும் நன்றாக எட்டும்; எதை எடுப்பதென்று யோசிக்க நேரமில்லாதபோது 8414.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் சிற்றலைக் கருவி உள்ள கப்பல்கள் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அலைவரிசைகளில் அதுவும் ஒன்று.

இவையெல்லாம் கப்பல்களுக்குப் பொருந்தும். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் நம் படகுகளில் சிற்றலைக் கருவி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகள் கரையின் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தன. அவர்கள் குரலும் கரைக்கு எட்டவில்லை. அந்தத் துயரத்தை எண்ணும்போதெல்லாம், ஆழ்கடல் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செல்லும் கருவி கட்டாயத் தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது. மீனவர்களுக்கென்று இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், உங்கள் அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதில் படகுக்கே திரும்பி வரும். கைபேசியோடு இணைத்துச் செய்திகளைத் தாய்மொழியிலேயே படிக்கலாம். கப்பல்களில் உள்ள 406 மெகாஹெர்ட்ஸ் மிதவைக் கருவியும் இதே வகைப் பணியைச் செய்கிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மிதவையை எங்காவது மலிவாகக் கண்டால் வாங்க வேண்டாம். அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அது, அருகில் வந்துவிட்ட மீட்பு விமானத்துக்கு வழிகாட்ட மட்டுமே உதவும்.

செயற்கைக்கோள் கருவியை இயக்கிய பிறகும் 16-இல் கூப்பிடுவதை விடக் கூடாது. கருவி கரைக்குச் சொல்லும். அடிவானத்துக்குள் இருக்கும் கப்பலுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் சேனல் 16 கேட்குமா? ஆபத்து அழைப்பு ஒன்று காதில் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
– ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: மேலே சொன்ன கணக்குப்படி 16 மீட்டர் உயர மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு ஒரு படகிலிருந்து எட்டுவது 13 கடல் மைல் சொச்சம்தான், உங்களுக்கும் கடலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே வழக்கமான நாட்களில் சேனல் 16 உங்களுக்குக் கேட்காது. சிற்றலையில் ஏதேனும் விழ வாய்ப்பு உண்டு. விழுந்தால் முதலில் எழுதுங்கள்: நேரம், அலைவரிசை, பெயர், இடம், எத்தனை பேர். நீங்கள் இடையில் பேச வேண்டாம். சில நிமிடம் கேட்டு, யாரேனும் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554-ஐ அழைத்து, எழுதியதை எழுதியபடியே படித்துச் சொல்லுங்கள். ஊகித்ததைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: செட் வேலை செய்கிறதா என்று 16-இல் சோதித்துப் பார்க்கலாமா? தவறுதலாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் தண்டனை உண்டா?
– வாசகர், மேலூர்

பதில்: குரல் சோதனையை வேறொரு சேனலில், தெரிந்த படகோடு வைத்துக்கொள்ளுங்கள். தவறுதலாகப் பொத்தானை அழுத்திவிட்டால் பயந்துபோய்ச் செட்டை அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுவதுதான் செய்யக் கூடாத செயல். இல்லாத ஆபத்தைத் தேடி ஒரு கப்பல் திசை திரும்பக்கூடும், அதே நேரத்தில் உண்மையான ஆபத்து வேறொரு பக்கம் காத்திருக்கும். செட்டில் எச்சரிக்கையை நிறுத்திவிட்டு உடனே 16-இல் வந்து, எல்லா நிலையங்களையும் விளித்து, படகின் பெயர், அடையாள எண், இடம் ஆகியவற்றைச் சொல்லி, இத்தனை மணிக்கு அனுப்பிய எச்சரிக்கை தவறுதலானது, அதை ரத்து செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அப்படி முறைப்படி அறிவித்தவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே பொய் அழைப்பு விடுப்பது வேறு. அது சட்டப்படி குற்றம்.